வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி வலித்தால்: திரும்பச் செய்வதா, பிடுங்கி இம்ப்ளாண்ட் வைப்பதா?

செங்காந்தள்:
மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல். பல வருஷத்துக்கு முன்னாடி ரூட் கேனால் செய்து கேப் போட்டது. இப்போ கடிச்சா வலி. ஈறுல சின்னக் கொப்புளம் வந்து உடைஞ்சு, மறுபடி வருது. எக்ஸ்ரேயில வேர் நுனியில கருநிழல். ஒரு டாக்டர் பிடுங்கிட்டு இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்புல டைட்டானியத் திருகு பதிச்சுப் பொருத்துற செயற்கைப் பல், வைக்கலாம்ங்கிறார், இன்னொருத்தர் ரூட் கேனாலையே திரும்பச் செய்யலாம்ங்கிறார். எது சரி?

வடகாற்று:
இம்ப்ளாண்ட்தான். ஒரு தடவை தோத்த பல்லுக்கு ஏன் மறுபடி செலவு? கேப்பைக் கழற்றி, பழைய அடைப்பைச் சுரண்டி எடுக்கும்போது பல் இன்னும் மெலியும். கடைசியில பிடுங்கத்தான் போறீங்க. டைட்டானியத்துல சொத்தை வராது. 1965இல் ஸ்வீடன் மருத்துவர் பிரானெமார்க் முதன்முதலா இம்ப்ளாண்ட் வைத்த நோயாளி, 2006இல் இறக்கும்வரை அதோடதான் வாழ்ந்தார். வேறென்ன சான்று வேணும்?

ஆணிவேர்:
நான் வேர் சிகிச்சை மட்டும் பார்க்கிற பல் மருத்துவர். வடகாற்று, "தோத்த பல்"னு சொல்றீங்க. பெரும்பாலும் தோத்தது பல் இல்லீங்க, முதல் சிகிச்சை. செங்காந்தள் சொல்ற பல்லையே எடுத்துக்கோங்க. அதுக்கு மூணு வேர். ஆனா கன்னப் பக்கம் முன்னால இருக்கிற வேர்ல பல பேருக்கு ரெண்டாவதா ஒரு நரம்புக் கால்வாய் இருக்கும். ரொம்பக் குறுகல், வெறும் கண்ணுக்கு எளிதில் சிக்காது. அதைத் தவறவிட்டா கிருமி உள்ளேயே தங்கிடும். இல்லேன்னா கேப் ஓரத்துல கசிவு, உமிழ்நீர் வழியா கிருமி மறுபடி நுழைஞ்சிருக்கும். இது ரெண்டையும் திருத்த முடியும். மைக்ரோஸ்கோப் வைத்துக் கால்வாயைத் தேடிப்பிடிச்சு, கட்டாபெர்ச்சாங்கிற பழைய அடைப்பை எடுத்துட்டு, ஹைப்போகுளோரைட்ங்கிற கிருமிநாசினியால் நல்லாக் கழுவி, திரும்ப அடைப்போம். எச்சில் பல்லுக்குள்ள போகாம தடுக்கிற ரப்பர் டேம்ங்கிற விரிப்பைக் கட்டாம செய்ற இடத்துல மட்டும் உட்காராதீங்க.

இன்னொண்ணு. இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது, சரி. சுத்தியிருக்கிற ஈறு வீங்கி எலும்பு கரையலாம். அதுக்குப் பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ்னு பேர், வைத்தியம் சுலபமில்லை. புகை பிடிக்கிறவங்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள்ள இல்லாதவங்களுக்கும், ஈறு நோய் இருந்தவங்களுக்கும் ஆபத்து கூடுதல்.

வடகாற்று:
டாக்டர், நீங்க மைக்ரோஸ்கோப் வைத்திருக்கீங்க. எல்லா கிளினிக்லயும் இருக்கா? எங்க அண்ணிக்கு ரெண்டாவது தடவை செய்ததும் சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் நம்பித்தான். பழைய வலி அப்படியே இருந்தது. அலைச்சலைத் தாங்கினது அவங்க. இம்ப்ளாண்ட் வைத்த பிறகுதான் நிம்மதியா மெல்ல முடிஞ்சது.

ஆணிவேர்:
அண்ணி பட்ட சிரமம் உண்மை. அதனாலதான் முதல்ல பல்லை முப்பரிமாணத்துல காட்டுற சிபிசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்றேன். காரணம் தெரியாம ரெண்டாவது தடவை கை வைக்கிறதுல எனக்கும் சம்மதமில்லை. அதே ஸ்கேன் இம்ப்ளாண்டுக்கும் வேணும். மேல் கடைவாய்ப்பல்லுக்கு மேல சைனஸ் அறை இருக்கு. எலும்பு போதாட்டி சைனஸைத் தூக்கி எலும்பு ஒட்டு வைக்கணும். பிடுங்கினதிலிருந்து பல் பொருத்தும்வரை மாசக்கணக்குல ஆகும்.

தும்பை:
நடுவுல வர்றேன். வேர் நெடுக்க விரிசல் விட்டிருந்தா இந்த விவாதமே வேண்டாம், பிடுங்கியே ஆகணும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைச் சுத்தி அளந்துட்டு வரும்போது ஒரே ஒரு இடத்துல மட்டும் கருவி ஒடுக்கமா, ஆழமா இறங்கினா அந்தச் சந்தேகம் வலுக்கும். ஈறுக்கு மேல நல்ல பல் சுத்தியும் 2 மில்லிமீட்டராவது இல்லேன்னா புதுக் கேப்பும் நிக்காது. ஆணிவேர் இதை முதல்லயே சொல்லியிருக்கணும்.

ஆணிவேர்:
நியாயம். அந்த ரெண்டுல எது இருந்தாலும் பிடுங்கத்தான் நானும் சொல்வேன்.

செங்காந்தள்:
ஈறை அளந்து யாரும் பார்க்கலையே! ரெண்டு பேரும் எக்ஸ்ரேயைப் பார்த்தே முடிவு சொல்லிட்டாங்க. அளக்கவும் ஸ்கேன் எடுக்கவும் கேட்கிறேன். விரிசல் இல்லேன்னா பல்லைக் காப்பாத்தத்தான் மனசு சொல்லுது.

வடகாற்று:
என் கருத்து மாறலை. செய்றதா இருந்தா ஒரு வரம்பு வைத்துக்கோங்க. ஒரு வருஷம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்து, நிழல் பெருசாகியிருந்தா மூணாவது தடவைக்குச் சம்மதிக்காதீங்க.

ஆணிவேர்:
பெருசானாத்தான் அந்தப் பேச்சு. சுருங்கிட்டு வந்தா காத்திருங்க, நிழல் தெரியுற இடத்துல எலும்பு முழுசா நிரம்ப சிலருக்கு நாலு வருஷம்கூட ஆகும். பெருசானாலும் வேர் நுனியை மட்டும் அறுத்தெடுத்து எம்டிஏங்கிற சிமெண்ட் மாதிரிப் பொருளை வைத்து அடைக்கிற சின்ன அறுவை சிகிச்சை இருக்கு. பிடுங்கச் சம்மதிக்கும் முன்னாடி அதைப் பத்தியும் கேளுங்க.