11 வருடம் நின்ற டீசல் எஞ்சின்: நேராக செல்ஃப் அடிக்கலாமா?

மண்சாலை:

வணக்கம். 2.5 லிட்டர், 4 சிலிண்டர், டர்போ இல்லாத பழைய டீசல் வண்டி. இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக அழுத்தும் பகுதிகள் வரிசையாக உள்ள டீசல் பம்ப்), நியூமேட்டிக் கவர்னர் (இன்டேக் வேக்குவத்தால் டீசல் அளவைக் கட்டுப்படுத்துவது), ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சூடாக்குவது) உண்டு. டைமிங் பெல்ட் கிடையாது, கியர்தான். 11 வருடமாக ஷெட்டில் நிற்கிறது. நிறுத்திய அன்று நன்றாக ஓடிய எஞ்சின். டாங்கில் பாதி டீசல் அப்படியே இருக்கிறது, மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை. சம்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் அளவு சரி, தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. ரேடியேட்டர் காலி. புது பேட்டரி, புது டீசல் போட்டு நேராக செல்ஃப் அடிக்கலாமா? எதையெல்லாம் முதலில் பிரிக்க வேண்டும்? முடிந்தவரை ஹெட்டை இறக்காமல் பார்க்கிறேன்.

கிராங்க்புல்லி:

செல்ஃப் அடிக்காதீர்கள். பேட்டரியை வாங்குவதே கடைசியில் இருக்கட்டும். எஞ்சின் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிய பிறகுதான் செல்ஃபுக்கு வேலை.

காரணம் இதுதான். எந்த சிலிண்டரில் வால்வு திறந்த நிலையில் நின்றதோ, அதில் 11 வருடமும் ஈரக்காற்று போய்வந்திருக்கும். பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் லைனரில் (சிலிண்டரின் உள்சுவர்) துரு வளையம் பிடித்திருக்கும். வால்வு தண்டு அது ஓடும் குழாயான கைடில் ஒட்டியிருக்கும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. ஒட்டிய வால்வு மூடாமல் நிற்க, செல்ஃப் மோட்டார் பிஸ்டனை மேலே தள்ளினால் வால்வு வளையும், இல்லையென்றால் வால்வை இயக்கும் கம்பியான புஷ் ராடு வளையும். கையால் சுற்றினால் அந்தத் தடை ஸ்பேனரிலேயே தெரிந்துவிடும்.

வேலையை ஏர் கிளீனரிலிருந்து தொடங்குங்கள். அங்கே எலிக்கூடு இருப்பது சாதாரணம், ஹோஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு இன்ஜெக்டர் நாலையும் கழற்றுங்கள். சுற்றியுள்ள மண்ணை முதலில் பிரஷ் போட்டு ஊதிவிட வேண்டும், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பைப் முனைகளுக்கு உடனே மூடி போடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலும் டீசலும் சம பங்கு கலந்து, ஒவ்வொரு துளையிலும் 30 மி.லி. ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். மேனுவல் கியர் பாக்ஸ் ஆயில் இதற்கு ஆகாது, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு வரும் சிவப்பு ஆயில்தான் வேண்டும். அது மெல்லியது, ரிங் இடுக்கில் இறங்கும். முன்அறை (சிலிண்டருக்கு மேல் தனியாக உள்ள சிறு எரிஅறை) உள்ள எஞ்சினாக இருந்தால் சிறு துளை வழியாக இறங்க நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும்.

பிறகு நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி போல்டில் நீளமான கைப்பிடியோடு சாக்கெட் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே அழுத்துங்கள். எதிர்த்திசையில் பலமாகத் திருகினால் போல்ட் கழன்றுவிடலாம். வரவில்லையா? பைப்பைச் செருகி நெம்புகோலை நீட்ட வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஊற்றி இன்னும் இரண்டு நாள் விடுங்கள்.

நாசில்_துளி:

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன், பலர் இதில்தான் எஞ்சினைக் கெடுக்கிறார்கள். ஊற்றிய ஆயிலை வெளியேற்றாமல் இன்ஜெக்டரை மாட்டிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2.5 லிட்டர், 4 சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 625 மி.லி. அமுக்க விகிதம் 21:1 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 31 மி.லி. மட்டுமே. அதைவிடக் கூடுதலாக திரவம் உள்ளே நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜெக்டர் இல்லாமல் செல்ஃப் அடித்து எல்லாவற்றையும் வெளியே துப்ப வைக்கவும். துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், துணியைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள்.

இப்போது பம்ப். உங்கள் வண்டியில் எனக்குப் பெரிய கவலை இதுதான்.

நியூமேட்டிக் கவர்னரில் எஞ்சின் நிற்கும்போது ஸ்பிரிங் ரேக்கை (பம்புக்குள் டீசல் அளவை மாற்றும் சட்டம்) முழு டீசல் பக்கம் தள்ளி வைத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் இன்டேக் வாயில் உண்டாகும் வேக்குவம் டயாஃப்ரம்மை இழுத்து ரேக்கைப் பின்னுக்குக் கொண்டுவரும். 11 வருடத்தில் பம்புக்குள் டீசல் பிசினாகி ரேக் அந்த முழு டீசல் நிலையிலேயே ஒட்டியிருந்தால், அல்லது டயாஃப்ரம் காய்ந்து கிழிந்திருந்தால், அல்லது வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து ரேஸ் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினால் நிற்காது, ஏனென்றால் இந்தப் பம்பை மின்சாரம் நிறுத்துவதில்லை.

சோதிப்பது எளிது. பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். ஸ்டாப் லீவரை இழுத்து விடும்போது ரேக் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். கையால் எஞ்சினைச் சுற்றும்போது நாலு எலிமென்டும் (சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தும் பகுதி) மேலே போய் கீழே இறங்குகிறதா பாருங்கள். ஒன்று மேலேயே நின்று அதன் ஸ்பிரிங் அமுங்கிக் கிடந்தால் அது ஜாம். புது டீசலும் அந்தச் சிவப்பு ஆயிலும் விட்டு ஒரு நாள் ஊற வைத்து, தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல கீழே நெம்புங்கள். சுத்தியலும் தீயும் வேண்டாம்: எலிமென்டின் இடைவெளி மைக்ரான் கணக்கு. ஊற வைத்தும் வரவில்லையென்றால் பம்பைக் கழற்றிப் பம்ப் வேலை செய்பவரிடம் கொடுப்பதுதான் சிக்கனம்.

டயாஃப்ரம்முக்கு: ஸ்டாப் லீவரை முழுக்க இழுத்துப் பிடித்து, வேக்குவம் ஹோஸ் மாட்டும் வாயை விரலால் அடைத்து, லீவரை விடுங்கள். ரேக் கொஞ்சம் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். சர்ரென்று முழுக்கத் திரும்பினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

மண்சாலை:

மிக்க நன்றி. இரண்டு நாள் ஊறிய பிறகு சுற்றினேன். கால் சுற்று சுலபமாக வருகிறது, பிறகு ஒரே இடத்தில் ணங் என்று நிற்கிறது. பின்னோக்கித் திருப்பினால் வந்த தூரம் போகிறது. ரேக் நகர்கிறது, டயாஃப்ரம் சோதனையில் நிற்கிறது.

கிராங்க்புல்லி:

துருவாக இருந்தால் பசை மாதிரி இழுக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். ஒரே இடத்தில் ணங் என்று நின்றால் உலோகத்தில் உலோகம் இடிக்கிறது. இன்ஜெக்டர் வெளியே இருப்பதால் ஆயில் அடைப்பாக இருக்க வாய்ப்பில்லை. டேப்பட் கவரை (வால்வுகளுக்கு மேலுள்ள மூடி) திறங்கள்.

எட்டு ராக்கரையும் (வால்வை அழுத்தும் கரம்) விரலால் ஆட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று ஆடி, அதன் ஸ்பிரிங் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால் அந்த வால்வு திறந்தபடி ஒட்டியிருக்கிறது. அதன் புஷ் ராடு குழியிலிருந்து நழுவியிருக்கலாம். முதலில் எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பி, அந்தப் பிஸ்டனை உச்சியிலிருந்து விலக்கி வையுங்கள். வால்வு தண்டில் துரு நீக்கும் ஆயில் விட்டு ஒரு இரவு. பிறகு பித்தளைத் துண்டை வைத்து, வால்வைக் கீழ்நோக்கி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தட்டுங்கள், ஸ்பிரிங் அதை மேலே இழுக்கட்டும். தட்டு, ஆயில், தட்டு, ஆயில். ஒரு கட்டத்தில் டப் என்று முழுக்க மேலே ஏறும். அதற்குப் பிறகும் இருபது தடவையாவது தட்டித் தளர்த்துங்கள். புஷ் ராடைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தத்தும்.

மண்சாலை:

3-ஆவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வுதான். விடுபட்டுவிட்டது, புஷ் ராடு நேராக இருக்கிறது. எஞ்சின் இப்போது முழுச் சுற்று சுற்றுகிறது. அடுத்து?

நாசில்_துளி:

நல்லது, ஹெட் இறங்கவில்லை. வால்வு இடைவெளியை மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்துவிடுங்கள்.

டாங்கைத் தொடவே வேண்டாம் இப்போதைக்கு. அடியில் தண்ணீர் இறங்கியிருக்கும், தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் கிருமி வளர்ந்து கருப்புக் கொழகொழப்பு இருக்கும். அதைப் பிறகு இறக்கிக் கழுவலாம். 5 லிட்டர் கேனில் புது டீசல் ஊற்றி, ஃபீட் பம்பைவிட (டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் சிறு பம்ப்) உயரத்தில் தொங்கவிட்டு, தெளிவான குழாயால் ஃபீட் பம்ப் வாய்க்கு இணையுங்கள். ரிட்டர்ன் குழாயை வேறு பாட்டிலில் விடுங்கள். குமிழி வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம், பழைய அழுக்கும் திரும்ப உள்ளே போகாது.

டீசல் ஃபில்டர், ஆயில், ஆயில் ஃபில்டர் மூன்றும் புதிது. இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் வைத்து தெளிப்பும் திறக்கும் அழுத்தமும் பார்த்துவிட்டு, புது செம்பு வாஷரோடு மாட்டுங்கள். பழைய வாஷர் கெட்டிப்பட்டிருக்கும், அழுத்தம் பக்கவாட்டில் கசியும். ஃபீட் பம்ப் டயாஃப்ரம் வகை என்றால் அதையும் மாற்றுங்கள், கிழிந்தால் டீசல் சம்புக்குள் போய் ஆயில் அளவு ஏறும்.

இன்ஜெக்டர் மாட்டும் முன், ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டிக்கொண்டு 10 முதல் 15 நொடி செல்ஃப் அடித்து ஒரு நிமிடம் விடுங்கள். ஆயில் கேஜ் முள் எழும்வரை திரும்பச் செய்யுங்கள். கம்ப்ரஷனையும் அப்போதே பாருங்கள். 28 பார் சுற்றி வந்தால் நல்ல எஞ்சின், 20-க்குக் கீழே என்றால் குளிரில் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் ரிங் ஒட்டியிருக்கும், ஓடி சூடானபின் சிலது விடுபடும்.

ஏர் எடுப்பது (டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது): கை பம்பை அடித்துக்கொண்டே ஃபில்டர் ஸ்க்ரூ, பிறகு பம்ப் ஸ்க்ரூ, குமிழி நிற்கும் வரை. பிறகு இன்ஜெக்டர் பக்க பைப் நட்டை அரைச்சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்து செல்ஃப். டீசல் துடிப்பாக வந்ததும் இறுக்குங்கள். அந்தப் பைப்பில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள், 100 பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது உடனே அறுவை சிகிச்சைக்குரிய காயம்.

கிராங்க்புல்லி:

ஸ்டார்ட் அன்று இரண்டு பேர் வேண்டும். கவர்னரின் வேக்குவம் ஹோஸ் இறுக்கமாக இருக்கிறதா ஒருமுறை பார்த்துவிட்டு, ஏர் கிளீனர் ஹோஸை மட்டும் கழற்றி இன்டேக் வாயைத் திறந்து வையுங்கள். ஒருவர் அங்கேயே, வாயை முழுக்க மூடும் தடித்த மரப்பலகையோடு நிற்க வேண்டும். துணி வேண்டாம், உறிஞ்சிக்கொள்ளும். ரேஸ் ஏறுவது காதில் கேட்டதும் பலகையை வாயில் அழுத்தினால் காற்றில்லாமல் அணையும். ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அது நேரம் தவறி வெடித்து ரிங்கை உடைக்கும்.

ஹீட்டர் பிளக்கைத் தனித்தனியாக 12 வோல்ட் விளக்கால் சோதியுங்கள். பழைய தொடர் இணைப்பு வகையாக இருந்தால் ஒன்று அறுந்தாலே நாலும் போச்சு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்டுக்குக் கீழே இறங்கினால் எர்த் கம்பியைப் பாருங்கள், துருவேறிய எர்த் எஞ்சினை மெதுவாகச் சுற்ற வைக்கும், டீசலுக்கு வேகம்தான் சூடு.

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியதும் ஒரு மணி நேரம் விட்டு, பிளாக் பக்கத்துக் கோர் பிளக்குகளில் (தண்ணீர் வழித் துளைகளை மூடும் தகடுகள்) ஈரம் தெரிகிறதா பாருங்கள். காலியாக நின்ற பிளாக்கில் அவை உள்ளிருந்து துரு தின்று சல்லடையாகியிருக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் 10 நொடிக்குள் ஆயில் அழுத்தம் வரவில்லையென்றால் அணைத்துவிடுங்கள். முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வரும், எரியாத டீசல், சூடானதும் போய்விடும். நீலப் புகை தொடர்ந்தால் ரிங்கோ வால்வு சீலோ. அரை மணி நேரம் வெறும் ஐடிலில் விட வேண்டாம், ஆனால் பிரேக் சரிபார்க்காமல் ரோட்டுக்கும் எடுக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள், ஊறிய துருவெல்லாம் அதில் வந்திருக்கும்.

கிளட்ச் தட்டு ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. கிளட்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால், எஞ்சினை அணைத்து, பெடலை ஒரு மரக்கட்டையால் கீழே அழுத்தி முட்டுக் கொடுத்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுநாள் பிரிந்துவிடும்.