குளியல் பொம்மைக்குள் கருப்பாகப் படிகிறது, கழுவினாலும் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

பள்ளிக்கரணை அப்பா:

வணக்கம். எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. அவள் குளிக்கிற டப்பில் போட வாத்து, மீன், ஆமை என்று ஒரு கூட்டமே இருக்கிறது. முக்கால்வாசி அடியில் சின்ன ஓட்டை உள்ள ரப்பர் பொம்மைகள், அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும். போன வாரம் வாத்தை அமுக்கியபோது தண்ணீரோடு கருப்புச் செதில் செதிலாக வந்தது, ஈரத்துணியை மூடி வைத்த நாற்றமும் கூட. வெந்நீரில் வினிகர் கலந்து உள்ளே உறிஞ்ச விட்டு, குலுக்கி, தெளிந்த தண்ணீர் வரும்வரை பீய்ச்சினோம். சில நாளில் திரும்ப அதே கருப்பு.

எங்கள் அபார்ட்மெண்டில் போர் தண்ணீர்தான். உப்பு அதிகம், பக்கெட்டிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியும். அதனால்தான் இப்படி ஆகிறதா? அவள் பொம்மையை நேராக வாயில் வைக்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது. அம்மா கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்கிறார். மனைவி எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்கிறாள். எது சரி?

பெரம்பூர் கிரெச் அக்கா:

தம்பி, ஓட்டை உள்ளதை மட்டும் தூக்கிப் போடுங்கள், மற்றதை வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். ஓட்டை வைத்த பொம்மையை உள்ளேயே சேர்ப்பதில்லை. உள்ளே கை போகாது, பிரஷ் போகாது, வெயிலும் போகாது. எவ்வளவு பிழிந்தாலும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும்.

கொதிநீர் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்து போகும். உள்ளே காற்று அடைத்திருப்பதால் வெளியே கொதித்தாலும் உள்பக்கம் முழுக்கச் சூடு ஏறும் என்று நம்ப முடியாது. கொதிநீர் தாங்குவது சிலிகான் பொம்மைதான். இரண்டாகப் பிரித்துக் கழுவுகிற சிலிகான் பொம்மைகள் இப்போது கிடைக்கின்றன. விலை கூடத்தான், ஆனால் உள்பக்கத்தைக் கண்ணால் பார்த்துத் தேய்க்கலாம்.

தாம்பரம் வாசி:

வினிகரோடு கொஞ்சம் ப்ளீச்சும் சேர்த்து ஊற வையுங்கள். அல்லது பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு. எதுவும் மிஞ்சாது.

அடையாறு ஆய்வுக்கூடம்:

மேலே சொன்னதை யாரும் தயவுசெய்து செய்யாதீர்கள். ப்ளீச்சோடு வினிகரோ ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக உள்ள நம் குளியலறைகளில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஒன்றை ஊற்றிய பக்கெட்டை நன்றாக அலசாமல் இன்னொன்றை ஊற்றுவதும் ஆபத்துதான்.

பள்ளிக்கரணை சார், நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிற ஆய்வே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் தண்ணீர் ஆராய்ச்சி நிறுவனமான ஈவாக்கும் சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது, 2018-ல் வெளியானது. வீடுகளில் குழந்தைகள் உண்மையாகவே விளையாடிய பொம்மைகளை வாங்கி அறுத்துப் பார்த்தார்கள். கூடவே புதுப் பொம்மைகளில் சிலவற்றைச் சுத்தமான தண்ணீரிலும், சிலவற்றைக் குழந்தை குளித்த தண்ணீரிலும் 11 வாரம் நனைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றின் உள்சுவரிலும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 லட்சத்திலிருந்து 7.5 கோடி செல்கள் வரை. வீட்டுப் பொம்மைகளில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தில் பூஞ்சையும் இருந்தது.

கவனிக்க வேண்டியது, சுத்தமான தண்ணீரில் இருந்த பொம்மையிலும் படலம் வளர்ந்தது. காரணம் தண்ணீர் மட்டும் இல்லை. வளைந்து கொடுக்கும் மட்டமான பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருள்தான் அந்தக் கிருமிகளுக்குச் சாப்பாடு. சோப்பு, வியர்வை, சிறுநீர் இவற்றிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைத்துவிடுகிறது. போர் தண்ணீரை மாற்றினாலும் உங்கள் வாத்து கருத்துத்தான் போகும். உப்புப் படிவு அந்தப் படலம் ஒட்டிக்கொள்ள ஒரு சொரசொரப்பைக் கொடுக்கும், அவ்வளவுதான். வினிகர் உப்பைக் கரைக்கும், படலத்தை வேரோடு எடுக்காது. ஒரு துணுக்கு மிச்சம் இருந்தாலும் அதிலிருந்தே மறுபடி வளரும்.

பள்ளிக்கரணை அப்பா:

விளக்கத்துக்கு மிக்க நன்றி சார். நீங்கள் எழுதியதைப் படித்ததும் வாத்தைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். வெளியே பளபளவென்று மஞ்சள். உள்ளே தலைப்பக்கம் ஓரளவு சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் தேங்கும் அடிப்பக்கமும் வால் மடிப்பும் கரும்பச்சை. விரலால் தொட்டால் கஞ்சி ஆடை மாதிரி வழுக்குகிறது, நகத்தால் சுரண்டினால் தோலாக உரிகிறது. இது பல தடவை அவள் வாய்க்குள் போயிருக்கும். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

அடையாறு ஆய்வுக்கூடம்:

நான் டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வில் ஐந்தில் நாலு பொம்மைகளின் தண்ணீரில் லெஜியோனெல்லா, சூடோமோனாஸ் போன்ற நோய் உண்டாக்கக்கூடிய பாக்டீரியாக்கள் இருந்தன. ஆனால் ஆரோக்கியமான குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. முகத்தில் பீய்ச்சும்போதுதான் கவலை: கண், காது, சிராய்ப்பு, வயிறு. காதில் சீழ், கண் சிவப்பு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஏதாவது இருந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டி, பொம்மை விஷயத்தையும் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டு ஓடி விளையாடுகிறாள் என்றால் பதற வேண்டாம்.

எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைகள் உள்ள வீடுகளில் நிலைமை வேறு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளின் வார்டு ஒன்றில் தண்ணீர் தங்கும் குளியல் பொம்மைகள் வழியாக சூடோமோனாஸ் பரவியதை 1998-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் இந்தப் பொம்மைகள் இருக்கவே கூடாது.

மயிலாப்பூர் பாட்டி:

கண்ணா, கவலைப்படாதே. எங்கள் வீட்டில் பேரக்குழந்தைகள் எல்லாம் சொம்பும் டம்ளரும் வைத்துத்தான் டப்பில் விளையாடின. ஒரு பழைய இட்லித் தட்டு கொடு, ஓட்டை உள்ளதாக. மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் மழை மாதிரி ஒழுகும், குழந்தை விடவே விடாது. ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துக்கொள். எவர்சில்வரைக் கொதிக்க வைக்கலாம், தேய்க்கலாம், ஒன்றும் ஆகாது. குளித்து முடித்ததும் கவிழ்த்து வை.

பள்ளிக்கரணை அப்பா:

பாட்டி, இட்லித் தட்டு யோசனை அருமை, இன்றைக்கே கொடுக்கிறேன். ஓட்டை பொம்மைகளைப் போட்டுவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, புதிதாக வாங்கும் பொம்மையின் ஓட்டையை முதல் நாளே குளூ கன்னால் அடைத்துவிட்டால் போதுமா? இரண்டு, மிச்சம் இருக்கிற அடுக்குக் கப், படகு, சுவரில் ஒட்டும் ஃபோம் எழுத்துகளை எப்படிப் பராமரிப்பது?

பெரம்பூர் கிரெச் அக்கா:

குளூவை உங்கள் மகள் வயதுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. வெந்நீரில் இளகி, பல்லால் கடிக்கக் கடிக்க அந்த உருண்டை கழன்று வரும், தொண்டையில் சிக்கும். ஓட்டையே இல்லாமல் வார்த்த பொம்மை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கடையில் காதருகே வைத்து அமுக்கிப் பாருங்கள், காற்று சீறினால் ஓட்டை இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரையும் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பூஞ்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வாயில் வைக்கிற பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கிறது என்பதற்காக.

பராமரிப்பில் பெரிய வித்தை கிடையாது, காய வைப்பதுதான் எல்லாம். பொம்மைகளை டப்பிலேயே விடாதீர்கள். குளித்ததும் நல்ல தண்ணீரில் அலசி உதறி, வெங்காயம் வாங்கும் வலைப்பையைக் கழுவி அதில் போட்டு, பால்கனியில் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பாத்ரூம் கொக்கியில் மாட்டினால் நம் ஊர் ஈரக்காற்றில் காயவே காயாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பால்கனியும் உதவாது. அப்போது கூடத்தில் ஃபேனுக்குக் கீழே வையுங்கள். அந்த மாதங்களில் நான் பொம்மையின் எண்ணிக்கையையே குறைத்துவிடுவேன்.

வாரம் ஒருமுறை பாத்திர சோப்பும் பழைய டூத்பிரஷும் போட்டு இடுக்குகளைத் தேய்க்கவும். வெள்ளைப் படிவுக்கு வினிகர், தனியாக. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தாலோ, பொம்மை டப்பில் இருக்கும்போது குழந்தை கக்கா போனாலோ மட்டும் ப்ளீச். அளவை ஆய்வுக்கூடத்து சார் சொல்லட்டும்.

அடையாறு ஆய்வுக்கூடம்:

முதலில் சோப்பு போட்டுக் கழுவியிருக்க வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். வீட்டு உபயோக திரவ ப்ளீச், 5 சதவீத அளவில் உள்ளது, வாசனை சேர்க்காதது: ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். ஐந்து நிமிடம் முழுக்க மூழ்கியிருக்கட்டும், பிறகு நன்றாக அலசிக் காய வையுங்கள். வெந்நீர் கூடாது. பாட்டிலின் தேதியைப் பாருங்கள், நம் வெயிலில் ப்ளீச் சீக்கிரம் வீரியம் இழக்கும். சம்ப்பில் போடும் ப்ளீச்சிங் பவுடருக்கு இந்த அளவு பொருந்தாது. எவர்சில்வருக்கு ப்ளீச் வேண்டாம், கொதிநீர் போதும்.

ஃபோம் எழுத்துகளைச் சுவரில் ஒட்டியே விட்டால் பின்பக்கம் கருக்கும். எடுத்து இருபுறமும் அலசி நிற்க வைத்துக் காயவையுங்கள். கடித்துப் பிய்ந்திருந்தாலும் புள்ளி விழுந்திருந்தாலும் போட்டுவிடுங்கள். சாவி கொடுக்கும் படகு இருந்தால் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அதுவும் வாத்தின் கேஸ்தான்.

பள்ளிக்கரணை அப்பா:

ஆட்டிப் பார்த்தேன், சத்தம் கேட்கிறது. படகும் போகிறது. அடுக்குக் கப்புகள் வலைப்பையில் ஏறிவிட்டன. எல்லோருக்கும் நன்றி.