சமையல் கிட் சந்தா: சொன்ன விலை ஒன்று, பிடித்த காசு வேறு

வணக்கம். வேளச்சேரியில் இருக்கிறோம், நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். நறுக்கிய காய், அளந்து வைத்த மசாலா எல்லாம் ஒரே பெட்டியில் வரும் சமையல் கிட்டுக்கு இரண்டு மாதமாகச் சந்தா கட்டுகிறோம். முதல் வாரம் பாதி விலை, அதில்தான் மயங்கினேன். அப்புறம் பில்லைப் பார்த்தால் டெலிவரி, பேக்கிங், 'கையாளும் கட்டணம்' என்று தனித்தனியாக ஏறியிருக்கிறது. 1,196 ரூபாய் என்று காட்டிய பெட்டி, கடைசியில் 1,430-ல் வந்து நிற்கிறது. ஊருக்குப் போன வாரம் பெட்டி வேண்டாம் என்று 'ஸ்கிப்' போட மறந்துவிட்டேன். பெட்டி வாசலிலேயே கிடந்து கீரை அழுகியதுதான் மிச்சம். (தெருவிலேயே கீரைக்காரம்மா வரும்போது உனக்கு ஏன் இந்த வேலை என்று மாமியார் கேட்டது தனிக்கதை.)

காசு பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். வந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. தானாகக் காசு பிடிக்கும் ஆட்டோபேயை யுபிஐ செயலியிலேயே ரத்து செய்யலாம், சரி. ஆனால் கிட் நிறுவனத்தின் வாலெட்டில் கிடக்கும் 600 ரூபாயை எப்படி வாங்குவது? பணம் கட்டும் கடைசிக் கட்டத்தில் கட்டணத்தைக் கூட்டுவது தவறு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்து யாருக்காவது பணம் திரும்பியதா? எத்தனை நாள் ஆனது?

இன்னொன்று. வேளச்சேரி, பெருங்குடி பக்கம் சந்தா இல்லாமல், அன்றன்றைக்குக் காசு கொடுத்து நறுக்கிய காய் வாங்க இடம் இருக்கிறதா? சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தாலே போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.