பனி இல்லாத மார்கழியும் பாரூர் ஏரி வாத்துகளும்

பாரூர்க்காரன்:

நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஏரியிலோ அணையிலோ வலசை வாத்துகளைப் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

பாரூர் பெரிய ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பு. இந்த மார்கழியில் ஸ்வெட்டரை எடுக்கவே இல்லை. தை பிறந்தும் பெங்களூரா ரக மாமரங்கள் பூ எடுக்காமல் தளிர் விட்டுக்கொண்டு நின்றன. ஏரியில் வாத்தும் குறைவு. டீக்கடையில் எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "பனியே இல்லை, அப்புறம் வாத்து எங்கே வரும்?"

மாமரத்துக்கு அது சரி. வாத்துக்குப் பொருந்தாது. வாத்து பனியைத் தேடி இங்கே வருவதில்லை, பனிக்குப் பயந்து வருகிறது. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் ஏரி உறைந்துபோனால் தலையை முக்கித் தின்ன வழியில்லை, அதனால் தெற்கே இறங்குகிறது. நம்ம மார்கழி எப்படி இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அங்கே தண்ணீர் எப்போது உறைந்தது என்பதுதான் கணக்கு.

அதிலும் எல்லா வாத்தும் ஒரே ரகமில்லை. நமக்கு அதிகம் வரும் நீலச்சிறகு வாத்து, பகல் குறையத் தொடங்கியதுமே, ஆவணி புரட்டாசியிலேயே அங்கிருந்து கிளம்பிவிடும். குளிர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காது. வேறு சில வாத்துகள் தண்ணீர் உறையும்வரை நகராது. குளிர்காலம் மிதமாகிப்போனால் மாறுவது இந்த இரண்டாவது வகைதான். பின்லாந்து, சுவீடன் கரையோரங்களில் முன்பெல்லாம் குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும், குடுமி வாத்துகள் தெற்கே போய்விடும். இப்போது பனிக்கட்டி குறைந்துவிட்டதால் அங்கேயே தங்கிவிடும் கூட்டம் பெருகிவிட்டது. மெக்சிகோவரை போய்க்கொண்டிருந்த கருப்புக் கடல்வாத்துகளில் கணிசமான பங்கு இன்று அலாஸ்காவிலேயே குளிர்காலத்தை ஓட்டுகிறது. அவ்வளவு தூரம் பறக்காமலே வயிறு நிறைந்தால் எது பறக்கும்?

நீலச்சிறகு வாத்தை ஒரே ஒரு தடவை கையில் பிடித்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், மாசி மாதம். மீன்பிடிக்கிற அண்ணன் பரிசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "வாங்க, வலையில ஒண்ணு மாட்டிக்கிச்சு." நைலான் நூல் இறக்கையில் இறுக்கியிருந்தது. அவர் பிடித்துக்கொள்ள, நான் பிளேடால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தேன். ஆண் வாத்து. கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை பின்கழுத்துவரை வளைந்து இறங்கியிருந்தது. ஐப்பசியில் வந்து இறங்கும்போது அந்தப் பட்டை இருக்காது; ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பாக இருக்கும். இறக்கையை விரித்துப் பார்த்தால் தோள்பக்கம் சாம்பல் கலந்த வெளிர் நீலம். தூக்கினால் அரைக் கிலோகூட இல்லை, ஆனால் மார்பு திண்ணென்று இருந்தது. ஊர் திரும்பும் பயணத்துக்கு ஏற்றிவைத்த கொழுப்பு அது. அதன் நெஞ்சு அடிப்பது என் விரல் நுனிக்குத் தெரிந்தது. விட்டதும் தண்ணீரில் பத்தடி ஓடி எழும்பியது. அண்ணன் அன்று முழுக்க அந்தப் பக்கம் வலை போடவில்லை.

ஓசூர் ஆசிரியை:

அண்ணா, நீங்கள் சொன்னதும் மகடி ஏரி ஞாபகம் வந்துவிட்டது. கர்நாடகாவில் கதக் மாவட்டம். வரித்தலை வாத்துகளைப் பார்க்கவென்றே வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைக்குப் பின்னால் இரண்டு கருப்புக் கோடு, ஆரஞ்சு கலந்த கால். பகலெல்லாம் தண்ணீரில் தூங்கி வழிந்தவை, இருட்டுகிற நேரத்தில் கூட்டம் கூட்டமாக எழும்பி வயல் பக்கம் போயின. தலைக்கு மேலே "ஆங், ஆங்" என்று சத்தம். சின்னவள் என் கையை விடவே இல்லை.

இவை இமயமலையைத் தாண்டி வருகின்றன. கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்திருக்கின்றன. ஆனால் எல்லாமே மலை தாண்டுவதில்லை. திபெத்தில் லாசா பக்கத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலேயே பெரிய கூட்டம் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அங்கே குளிர்காலக் கோதுமை போடுகிறார்கள், மேய்ச்சலுக்குக் குறைவில்லை. குளிரைத் தாங்குகிற பறவைதான். தீனியும் உறையாத தண்ணீரும் இருந்தால் போதும். அங்கே இன்னும் கொஞ்சம் வெயில் ஏறினால் எத்தனை வாத்துகள் மலையைத் தாண்டி வருமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஊத்தங்கரை தம்பி:

எனக்கு ஒரு சந்தேகம் அண்ணா. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர், ரோட்டில் நின்ற வண்டியெல்லாம் அடித்துக்கொண்டு போனது. எல்லாம் அடங்கி ஏரி கோடி போகும்போது, சரி, இந்த வருஷம் வாத்து குவியும் என்று நினைத்தேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு இரண்டு நாள் காலையில் போய் நின்றேன். முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான் இருந்தன. வாத்து ஒன்றுகூட இல்லை. அது எந்தக் குளிர்காலத்தின் வேலை?

பாரூர்க்காரன்:

தம்பி, அது குளிர்காலத்தின் வேலை இல்லை, ஆழத்தின் வேலை. நீலச்சிறகு, ஊசிவால், தட்டைவாயன் ஆகிய மூன்று வாத்துகளும் இரைக்காக முழுகுவது அரிது. தண்ணீரின் மேல்மட்டத்திலோ, தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கிக் கழுத்து எட்டுகிற ஆழத்திலோதான் தின்னும். ஏரி நிரம்பி வழிந்தால் அதற்கு அடித்தரை எட்டாது. அந்த வருஷம் நானும் ஏரியில் தேடி ஏமாந்தேன். கடைசியில் தண்ணீர் தேங்கி நடவு போடாமல் விட்டிருந்த ஒரு வயலில் நாற்பதுக்கு மேல் பார்த்தேன்.

அதனால்தான் ஒரு ஏரியைப் பார்த்து, ஒரு வருஷத்தைப் பார்த்து "வாத்து குறைந்துபோச்சு" என்று நான் எழுத மாட்டேன். வடக்கே உறையாததால் வரவில்லையா, வந்து பக்கத்துக் குட்டையில் இறங்கிவிட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பல கண்கள் வேண்டும். குட்டை, வயல் எதையும் விடாமல் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். முதல் வாத்து இறங்கிய நாள், கடைசி வாத்து போன நாள் இரண்டும் முக்கியம். வாத்து இல்லாத நாளையும் எழுதுங்கள்.

இப்போது நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வரும் தண்ணீர் குறைந்து, பாரூரில் மதகுக்கு எதிர்ப்பக்கம் சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் கரையில் இருப்பேன். டீச்சர், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க.