ஃப்ரீ பஸ் சரி, வெள்ளை போர்டு எப்ப வரும்?

வடபழனிவாசி: 2021 மே மாசம் ஆட்சி மாறின கையோட வெள்ளை போர்டு போட்ட சாதா டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாதுனு சொன்னாங்க, நல்ல விஷயம்தான். ஆனா காலைல ஸ்டாப்புல நின்னு பாருங்க, டீலக்ஸ், எக்ஸ்பிரஸ், ஏசினு போய்ட்டே இருக்கும், வெள்ளை போர்டுக்கு காத்திருந்து காத்திருந்து லேட்டாயி கடைசில காசு குடுத்து டீலக்ஸ்ல ஏறுறாங்க இல்லனா ஷேர் ஆட்டோ. இந்த ஃப்ரீக்கு அரசு செலவு பண்ற பணத்துல புது பஸ் வாங்கி விட்டிருந்தா எல்லாருக்கும் ஆகியிருக்கும்.

தையல்மெஷின்: அண்ணா, மாநிலத் திட்டக்குழு ஆய்வுல ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுனு வந்துச்சு. வீட்டு வேலைக்கு போற அம்மாவுக்கு அது ஒரு கேஸ் சிலிண்டர் காசு. முன்னாடிலாம் ஒரு ஸ்டேஜ் முன்னாடியே இறங்கி வெயில்ல நடந்து போறவங்க எத்தன பேரு தெரியுமா? புது பஸ் விட்டாலும் டிக்கெட்டுக்கு காசு இல்லாதவங்க நடந்துதான் போகணும்.

பல்லவன்பாஸ்: அப்ப ஆம்பளைங்க பாடு? கூலி வேலைக்கு போறவனும் ஏழைதான, அவனும் அதே பஸ்லதான் தொங்கிட்டு வர்றான். கர்நாடகால 2023 ஜூன்ல ஆரம்பிச்சப்ப வெளியூர் போற சாதா, எக்ஸ்பிரஸ் பஸ்லயும் பெண்களுக்கு ஃப்ரீ விட்டாங்க, இங்க அதுவும் இல்ல.

தையல்மெஷின்: அவருக்கும் குடுக்கட்டும், நானும் சேர்ந்து கேக்குறேன், அதுக்காக எங்களுக்கு குடுத்தத ஏன் புடுங்கணும்? இன்னொண்ணு, கர்நாடகால ஐடி காட்டணும், இங்க அந்த தொல்லை இல்ல, ஊரு பேரு கேக்காம ஏத்திக்கிறாங்க. ஆனா பொம்பளைங்க மட்டும் நின்னா ஸ்டாப்ப தாண்டி கொண்டு போய் நிறுத்துறது, ஓடி வந்து ஏறுனா "ஓசிக்கு என்ன அவசரம்"னு கேக்குறது, அதுதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. ஓசி இல்லங்க, எங்களுக்கும் கண்டக்டர் சீட்டு கிழிச்சு குடுக்குறாரு, அந்த பணத்த அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு குடுக்குது, அது நாங்களும் கட்டுற வரிதான்.

வடபழனிவாசி: சரிம்மா, நானும் புடுங்க சொல்லல. அந்த சீட்டு கணக்கு இருக்குல்ல, எந்த ரூட்ல எத்தன மணிக்கு எவ்ளோ பெண்கள் ஏறுறாங்கனு அதுலயே தெரியும். அத வெச்சு காலைல எந்த ரூட்டுக்கு வெள்ளை போர்டு கூடுதலா விடணும்னு முடிவு பண்ணலாமே, ஏன் பண்ணல? ரூட் வாரியா அந்த கணக்க டிப்போ வாசல்ல ஒட்டட்டும்.

தையல்மெஷின்: இத கேளுங்க, நான் கூட வர்றேன். ஆனா ஃப்ரீய நிறுத்திட்டு பஸ் வாங்கலாம்னு மட்டும் மறுபடி எழுதாதீங்க.

பல்லவன்பாஸ்: ஆம்பளைங்களுக்கும் குடுக்குற வரைக்கும் நான் எழுதத்தான் செய்வேன்.