சிப்பிப்பாறை செல்விக்கு இரண்டாம் ஈத்து விடலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் சிப்பிப்பாறை நாய் செல்விக்கு நாலு வயது. போன வருஷம் ஆறு குட்டி போட்டாள். மூன்றாவது வாரம் கால் விறைத்து, உடம்பெல்லாம் நடுங்கி, மூச்சு இரைத்தது. பால் கொடுத்ததில் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டதாம். நரம்பில் மருந்து ஏற்றித்தான் பிழைத்தாள். அன்று ராத்திரி முழுக்க அவள் தலை என் மடியில்தான் கிடந்தது.

இப்போது மறுபடி பருவத்துக்கு வந்திருக்கிறாள். அப்பா கிராஸ் போடலாம் என்கிறார், சொந்தக்காரர்களும் குட்டி கேட்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஈத்திலும் இது வரலாம் என்று டாக்டர் சொன்னார். அப்புறம், போன தடவை கொடுத்த ஒரு குட்டியை மொட்டை மாடியில் கட்டியே போட்டிருக்கிறார்கள், அதுவும் உறுத்துகிறது.

இப்படி ஆன நாயை மறுபடி ஈனவிட்டவர்கள் இருக்கிறீர்களா? கருத்தடை என்றால் பருவம் முடிந்து எத்தனை மாதம் பொறுத்தீர்கள்? புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களும் சொல்லுங்கள்.