ஏசி வாங்கினால் கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

நெல்லைவாசி (ஏப்ரல் 2023):
அம்மாவுக்கு இந்த வெயிலில் ராத்திரி தூக்கமே இல்லை, அதனால் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு 960 யூனிட் என்று இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு மாசத்துக்கு 160 யூனிட். போன பில் 420 யூனிட்டுக்கு 1,245 ரூபாய், அதாவது யூனிட் சுமார் 3 ரூபாய். ஆக 480 ரூபாய்தான் கூடும், கடைக்காரரும் 500 என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனோ 2,500 ரூபாய் கூடும் என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

கூடல்நகர்:
அண்ணன் சொல்வதுதான் சரி. லேபிளில் உள்ள 960 யூனிட் வருஷம் முழுக்க ஓடினால் ஆவது இல்லை, வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. அதை வகுத்தால் மணிக்கு 0.6 யூனிட். ராத்திரி 8 மணி நேரம், 60 நாள் என்றால் 288 யூனிட் வரும், அதுவும் சராசரிதான், மே மாசத்தில் இன்னும் கூடலாம்.

அடுத்தது விலை. பழைய பில்லை யூனிட்டால் வகுத்து வரும் 3 ரூபாயை வைத்துப் புதுப் பொருளுக்குக் கணக்குப் போடவே கூடாது. ஏசியின் யூனிட் எல்லாம் உங்கள் 420-க்கு மேல்தான் போய் உட்காரும், அங்கே விலையே வேறு. போன செப்டம்பரில் வந்த கட்டணத்தில் 500 யூனிட் வரைக்கும் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25, அதற்கு மேல் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய் 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50, அப்புறம் 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9. உங்களுக்கு 420 + 288 = 708 யூனிட், பில் 3,722. அதாவது 2,477 ரூபாய் கூடுகிறது, ஏசியின் ஒவ்வொரு யூனிட்டும் உங்களுக்கு 8.60 ரூபாய்.

தென்றல்:
இன்னொன்றும் பாருங்கள் சகோ. சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,725, 510 ஓடினால் 2,030. பத்தே பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! பில் வருவதற்கு முன்னால் மீட்டரைப் பார்த்து வைத்துக்கொண்டால் 490-இல் நிற்கும்போதே கொஞ்சம் பார்த்து ஓட்டலாம்.

நெல்லைவாசி:
நல்லவேளை, வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டேன், ரொம்ப நன்றி. ஆனால் அம்மாவுக்காக ஏசி வேண்டியதுதான். வேறு எதில் குறைக்கலாம்?

கூடல்நகர்:
ஃபேனில். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் உள்ளது) 30 வாட் பக்கத்தில்தான். உங்கள் வீட்டில் மூன்று ஃபேன் தினமும் 16 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள், இரண்டு மாசத்தில் 130 யூனிட் மிச்சம். 708 என்பது 578 ஆகும், பில் 2,574. ஏசி இல்லாத வீட்டில் ஃபேன் மாற்றி இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது. உங்களுக்கு மேல்தட்டு யூனிட் குறைகிறது, அதனால்தான் 1,148 ரூபாய். ஏசியையும் 24-க்குப் பதில் 26-இல் வைத்து மேலே ஃபேன் போட்டுவிடுங்கள், அம்மாவுக்கும் அந்தக் குளிர் இதமாக இருக்கும்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். மீட்டர் முகப்பில் 3200 இம்பல்ஸ் என்பது போல ஒரு எண் இருக்கும், சில மீட்டரில் வேறு எண். சிவப்பு விளக்கு அத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் போட்டு எண்ணுங்கள். 3200 மீட்டரில் 75 வாட் ஃபேனுக்கு நிமிஷத்துக்கு 4 தடவை மின்னும்.

நெல்லைவாசி:
எண்ணிப் பார்த்தேன், ஹால் ஃபேனுக்கு நிமிஷத்துக்குச் சரியாக 4. ஃபிரிட்ஜை எப்படி எண்ணுவது? ஓடுகிறது, நிற்கிறது, திரும்ப ஓடுகிறது.

தென்றல்:
ஃபிரிட்ஜுக்கு எண்ணாதீர்கள். வெளியூர் போகும் நாளில் வைஃபை, செட் டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்துவிட்டு ஃபிரிட்ஜை மட்டும் ஓட விடுங்கள். கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை மீட்டரை போட்டோ எடுங்கள். வித்தியாசத்தை மணிக்கணக்கால் வகுத்து 24-ஆல் பெருக்கினால் ஒரு நாள் யூனிட் கிடைத்துவிடும். ஆளில்லாத வீட்டில் கதவு திறந்து மூடுவது இல்லை, அதனால் வரும் எண்ணுக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.